ரீஸ்டார்ட் பட்டன் இல்லாத ரேஸ்

பிள்ளைகளின் படிப்புக்கு என்று சொல்லித்தான் பெரும்பாலான வீடுகளில் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். வாங்கிய இரண்டாம் நாளே அதில் ஒரு கார் கேம் ஏறிவிடுகிறது. யார் ஏற்றினார்கள் என்று கேட்டால் வீட்டில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. கீபோர்டும் மவுஸும் கைக்குப் பழக இதைவிட எளிய வழி கிடையாது.

இந்தக் கட்டுரை கார், காபி, கேம் ஆகிய மூன்றையும் பற்றியது. கார் பைத்தியம் பிடித்த எவரையும் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூட நாளில் கேம், வேலைக்குப் போனதும் காபி, கையில் நாலு காசு சேர்ந்ததும் கார் என்று மூன்றும் வரிசையாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். இந்த மூன்றிலும் பொதுவாக ஓடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. கண் பார்ப்பதற்கும் கை கால் அசைவதற்கும் நடுவில் ஆகும் தாமதம்தான் அது. அந்தத் தாமதத்தை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எப்படி என்று கீழே சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஊரைக் கொஞ்சம் சுற்றிவிட்டு வருவோம்.

வண்டிகளின் ஊர்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வண்டியைப் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. பேசுவதற்குக் காரணமும் இருக்கிறது. டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் ஓசூரில் இருந்துதான் வெளிவந்தது. அதே 1980-ல் அசோக் லேலண்ட் நிறுவனமும் இங்கே தன் தொழிற்சாலையைத் தொடங்கியது. 2021-ல் ஏத்தர் நிறுவனத்தின் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிற்சாலை ஓசூரிலும், ஓலா நிறுவனத்தின் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிற்சாலை போச்சம்பள்ளிப் பக்கத்திலும் வந்தன.

பழைய மொபெட்டில் கார்புரேட்டரும் பிளக்கும் சரியாக இருந்தால் போதும். இன்றைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் டச் ஸ்கிரீன் இருக்கிறது. உங்கள் விண்டோஸுக்கு வருவது போலவே அதற்கும் இன்டர்நெட் வழியாக அப்டேட் வருகிறது. நாற்பது வருடத்தில் வண்டிக்குள் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44 கர்நாடகத்தின் அத்திப்பள்ளியைத் தாண்டி, ஜூஜூவாடி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஓசூர், சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்கு வந்ததும் சென்னைச் சாலை ஒரு பக்கமும் தருமபுரி, சேலம் சாலை ஒரு பக்கமும் பிரிகின்றன. இரவு முழுக்க லாரி ஓயாது. சிப்காட் தொழிற்பேட்டைகளில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் விடியற்காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு இதே சாலையில்தான் வீடு திரும்ப வேண்டும். பெங்களூருவில் வேலையும் ஓசூரில் வீடும் வைத்திருப்பவர்களுக்கும் இதே சாலைதான்.

சாலை நன்றாக இருக்கிறது, வண்டியும் நன்றாக இருக்கிறது. ஓட்டுபவர் எப்படி இருக்கிறார் என்பதுதான் கேள்வி.

ரோடு ராஷில் தொடங்கிய படிப்பு

பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்த தலைமுறைக்கு ரோடு ராஷ் என்ற பெயரைச் சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். பைக்கில் பறந்துகொண்டே பக்கத்தில் வருபவரைக் காலால் உதைத்துத் தள்ளும் அந்த கேம் 1991-ல் சேகா என்ற வீடியோ கேம் பெட்டிக்காக வந்தது. விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு 1996-ல் வந்தது. நீட் ஃபார் ஸ்பீட் கேமின் முதல் பதிப்பு 1994-ல் வெளிவந்தபோது, ரோடு அண்ட் டிராக் என்ற அமெரிக்க கார் பத்திரிகை அதற்கு உதவியது. கார்கள் நிஜமாக எப்படி நடந்துகொள்ளும் என்ற தகவல்கள் அப்போதே கேமுக்குள் போய்விட்டன. 1997-ல் ஜப்பானில் வெளியான கிரான் டுரிஸ்மோ இன்னும் ஒருபடி மேலே போனது. வளைவில் எந்த இடத்தில் பிரேக் பிடிப்பது, எங்கே ஆக்சிலேட்டரைத் திரும்ப மிதிப்பது என்று அதில் படித்தவர்கள் ஏராளம்.

கேமில் படித்தது நிஜத்தில் உதவுமா? உதவும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. கிரான் டுரிஸ்மோ ஆடுபவர்களில் கெட்டிக்காரர்களைத் தேர்ந்தெடுத்து நிஜ ரேஸ் காரில் ஏற்றும் ஜி.டி. அகாடமி என்ற போட்டி 2008-ல் தொடங்கியது. 2011-ல் அதில் வென்ற யான் மார்டன்பரோ என்ற 19 வயது பிரிட்டிஷ் இளைஞர், 2013-ல் பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் கலந்துகொண்டார். அவருடைய அணியின் கார் தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தது. அவருடைய கதை 2023-ல் ஹாலிவுட் படமாகவும் வந்தது.

ஆக, கேம் ஆடினால் ஒன்றும் வராது என்று சொல்லிவிட முடியாது. கேம் எதைச் சொல்லித் தருகிறது, எதைச் சொல்லித் தருவதில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மானிட்டரில் ஒரு விநாடி

உங்கள் மானிட்டரில் கார் ஓடுவது போலத் தெரிந்தாலும் உண்மையில் அங்கே ஒன்றும் ஓடவில்லை. சினிமா பிலிம் போல அடுத்தடுத்துப் படங்கள் மாறுகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் பிரேம் என்று பெயர். சாதாரண மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும். அதாவது விநாடிக்கு 60 தடவை படம் மாறும். ஒரு படம் திரையில் நிற்கும் நேரம் சுமார் 17 மில்லி விநாடி. ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மில்லி விநாடி.

கேம் ஆடும்போது கார் சொன்ன பேச்சைக் கேட்காமல் இழுப்பது போலத் தெரிந்தால், உடனே புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்க ஓட வேண்டாம். முதலில் இந்த மூன்றையும் கவனியுங்கள்.

1. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று வரிசையாகப் போங்கள். அங்கே ரிப்ரெஷ் ரேட் என்ற இடத்தில், உங்கள் மானிட்டர் தரக்கூடிய அதிக எண் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். புதிய மானிட்டரை வாங்கி மாட்டிவிட்டு இதைத் தொடாமலே விட்டவர்கள் பலர்.

2. டி.வி.யை மானிட்டராக மாட்டியிருந்தால், ரிமோட்டில் கேம் மோட் இருக்கிறதா என்று தேடி அதை ஆன் செய்யுங்கள். டி.வி. படத்தை மெருகேற்றிக் காட்டுவதில் செலவாகும் நேரம் இதனால் குறையும்.

3. புளூடூத் ஹெட்போனில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். கார் மோதிய பிறகு சத்தம் கேட்டால் ஒயர் உள்ள ஹெட்போனுக்கு மாறிப் பாருங்கள்.

கம்ப்யூட்டரின் தாமதத்தை இப்படிக் குறைத்துவிடலாம். ஓட்டுபவரின் தாமதத்தை எப்படி அளப்பது?

ஸ்கேல் டெஸ்ட்: எக்ஸெல்லில் போடுங்கள்

இதற்கு 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று போதும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம்.

வீட்டில் ஒருவரை ஸ்கேலின் மேல்முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பூஜ்யம் கீழே இருக்க வேண்டும். பூஜ்யத்துக்கு நேராக உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் திறந்து வையுங்கள். அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கேலை விட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டரில் பிடித்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து தடவை செய்யுங்கள்.

இப்போது ஒர்க் ஷீட்டைத் திறந்து, முதல் காலத்தில் இரண்டாம் வரிசையில் இருந்து அந்தப் பத்து எண்களையும் டைப் செய்யுங்கள். அடுத்த காலத்தில், அதாவது பி2 செல்லில், இந்தக் கணக்கைக் கொடுங்கள்:

=(ஏ2/490)^0.5

ஏ, பி என்று இங்கே போட்டிருப்பதை உங்கள் ஷீட்டில் காலத்தின் தலையில் தெரியும் ஆங்கில எழுத்தாக டைப் செய்யுங்கள். என்டர் தட்டியதும் நீங்கள் எத்தனை விநாடியில் பிடித்தீர்கள் என்று வரும். விழும் பொருள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் இறங்கும் என்று பள்ளியில் படித்த அதே பாடம்தான் இது. 15 சென்டிமீட்டர் என்றால் சுமார் 0.17 விநாடி. 20 என்றால் 0.20. 25 என்றால் 0.23. பி2 செல்லின் வலது கீழ் மூலையில் தெரியும் சின்னச் சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற ஒன்பது எண்களுக்கும் விடை வந்துவிடும்.

மூன்றாவது காலத்தில் சி2 செல்லில் =பி2*22.2 என்று கொடுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் கடக்கும் தூரம் 22.2 மீட்டர். நீங்கள் ஸ்கேலைப் பிடிக்க எடுத்த நேரத்துக்குள் அந்த வண்டி எத்தனை மீட்டர் போயிருக்கும் என்று இப்போது தெரியும். 20 சென்டிமீட்டரில் பிடித்தவருக்கு நாலரை மீட்டர். ஏறக்குறைய ஒரு காரின் நீளம்.

பரவாயில்லையே என்று தோன்றும். அங்கேதான் கவனிக்க வேண்டும். ஸ்கேல் விழப்போகிறது என்று உங்களுக்கு முன்பே தெரியும். விரலும் தயாராக நிற்கிறது. சாலையில் நாய் குறுக்கே வரப்போகிறது என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எதிர்பாராத ஒன்றைப் பார்த்து, அது என்ன என்று புரிந்து, காலை எடுத்துப் பிரேக்கில் வைக்க ஒன்றரை விநாடி வரை ஆகலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை விநாடிக்கு 33 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு நல்ல காய்ந்த சாலையில் கார் நிற்க இன்னும் சுமார் 35 மீட்டர். மொத்தம் 68 மீட்டர். வேகம் 100 ஆனால் இதே கணக்கு 97 மீட்டர் ஆகிறது. வேகத்தைக் கால் பங்கு கூட்டினால் நிற்கும் தூரம் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது.

இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் நிறைய உதவி செய்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி அது விநாடிக்குப் பல தடவை பிரேக்கை விட்டுப் பிடிக்கும். மோதல் ஏற்பட்டால் ஏர்பேக் சுமார் 30 முதல் 40 மில்லி விநாடிக்குள் விரிந்துவிடும். உங்கள் மானிட்டரில் இரண்டு பிரேம் மாறும் நேரம்தான். ஆனால் ஏ.பி.எஸ். வேலை செய்ய வேண்டும் என்றால் முதலில் உங்கள் கால் பெடலில் பட வேண்டும். பெடலில் படும் வரை ஆகும் தாமதம் உங்களுடையது.

கேம் சொல்லித் தராத பாடம்

கேமில் எல்லாமே சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒவ்வொரு விநாடியும் ஏதாவது ஒன்று நடக்கும். வளைவு வரும், போலீஸ் துரத்தும், பக்கத்துக் கார் இடிக்கும். ஆடுபவருக்கு அலுப்புத் தட்டக் கூடாது என்பதற்காகவே கேமைத் தயாரிக்கிறார்கள். நெடுஞ்சாலை அப்படி இல்லை. ஓசூரில் இருந்து கிருஷ்ணகிரிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். விடியற்காலை நான்கு மணிக்கு அந்தச் சாலையில் நேர்கோடு, வெள்ளைக்கோடு, முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். ஆபத்து அந்த அலுப்பில் இருக்கிறது.

செக் நாட்டின் எஸ்.சி.எஸ். நிறுவனம் 2012-ல் வெளியிட்ட யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி கேம் ரொம்பப் பிரபலம். ஐரோப்பா முழுக்க லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போகலாம். ஆனால் அதில் சாலைகளைப் பத்தொன்பதில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஓசூர் - கிருஷ்ணகிரி சாலை மூன்று கிலோமீட்டர்கூட வராது. அந்த கேமில் டிரைவருக்குத் தூக்கமும் வரும். கொட்டாவிச் சத்தம் கேட்கும், திரை இருண்டு இருண்டு தெளியும். ஓரமாக நிறுத்தி ஓய்வு எடுக்க வேண்டும். இது தொந்தரவு என்று நினைப்பவர்கள் ஆப்ஷன்ஸில் போய்த் தூக்கத்தை ஆப் செய்துவிடலாம். நிஜ லாரியில் அந்த ஆப்ஷன் இல்லை.

சாலையின் அலுப்பை அப்படியே காட்டிய கேம் ஒன்றும் இருக்கிறது. பெயர் டெசர்ட் பஸ். பென், டெல்லர் என்ற அமெரிக்க மேஜிக் நிபுணர்கள் இருவர் 1995-ல் வெளியிடுவதற்காகத் தயாரான கேம் தொகுப்பில் கேலியாகச் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவின் டூசான் நகரில் இருந்து லாஸ் வேகாசுக்குக் காலி பஸ்ஸை ஓட்ட வேண்டும். நிஜமாகவே எட்டு மணி நேரம் ஆகும். நடுவில் பாஸ் செய்ய முடியாது. பஸ் தானாகவே கொஞ்சம் வலது பக்கம் இழுக்கும் என்பதால் கையையும் எடுக்க முடியாது. போய்ச் சேர்ந்தால் கிடைப்பது ஒரே ஒரு பாயிண்ட். அந்தத் தொகுப்பு அப்போது கடைக்கு வரவே இல்லை. ஆனால் நம் ஊர் லாரி டிரைவர்கள் தினமும் ஆடுவது இந்த கேமைத்தான். பாயிண்ட் இல்லாமல், நிஜச் சாலையில்.

லெ மான்ஸ் பந்தயத்தில் உலகின் சிறந்த டிரைவர்கள் ஓட்டுகிறார்கள். அவர்களையே 24 மணி நேரமும் ஓட்ட விடுவதில்லை. ஒரு காருக்கு மூன்று பேர். எந்த ஆறு மணி நேரத்திலும் ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மொத்தமாகப் பதினான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2025 வரை நடப்பில் இருந்த 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று இருந்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்றும் அது சொன்னது.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. 64,105 விபத்துகள். இறந்தவர்கள் 17,884 பேர்.

நைட் ஷிப்ட் முடித்தவர்கள்

அமெரிக்காவில் நைட் ஷிப்ட் வேலை செய்யும் 16 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். வேறு வண்டிகள் வராத தனிப் பாதையில் நிஜக் காரை இரண்டு மணி நேரம் ஓட்டச் சொன்னார்கள். இரவு நன்றாகத் தூங்கிவிட்டு வந்து ஓட்டியபோது 16 பேருக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. அதே 16 பேர் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து ஓட்டியபோது ஆறு பேர் மோதும் நிலைக்குப் போனார்கள். ஏழு பேரின் ஓட்டத்தைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

இவர்களும் ஸ்கேல் டெஸ்டில் நன்றாகவே பிடித்திருக்கக் கூடும். தூக்கம் கெட்டவர் எல்லா நேரமும் மெதுவாகிவிடுவதில்லை. ஒன்பது தடவை சட்டென்று பிடிப்பார். பத்தாவது தடவை மூளை சில விநாடிகளுக்கு அணைந்துவிடும். கண் திறந்தே இருக்கலாம். அவருக்கே தெரியாது. அதனால்தான் தூக்க ஆராய்ச்சிக்காக 1985-ல் டேவிட் டிஞ்சஸ் குழு உருவாக்கிய கம்ப்யூட்டர் டெஸ்டில் பத்து நிமிடம் சலிக்கச் சலிக்கத் திரையைப் பார்த்துப் பட்டனை அழுத்த வைக்கிறார்கள். மூன்று விநாடி மூளை அணைந்தால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 67 மீட்டர் போயிருக்கும். அந்த 67 மீட்டருக்கும் டிரைவர் யாரும் இல்லை.

காபி என்ன செய்கிறது?

விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால் தூக்கம் வரும். காபியில் உள்ள கேபீன் என்ன செய்கிறது தெரியுமா? அந்த நாற்காலியில் முந்திப் போய்த் துண்டு போட்டுவிடுகிறது. அடினோசின் நின்றுகொண்டே இருக்கும், போய்விடுவதில்லை. கேபீன் எழுந்ததும் அது வந்து உட்கார்ந்துவிடும். அதாவது காபி தூக்கக் கடனை அடைப்பதில்லை. வாய்தா மட்டும் வாங்கித் தருகிறது.

இங்கே இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். முதலாவது, குடித்தவுடன் காபி வேலை செய்யாது. இருபது, முப்பது நிமிடம் ஆகும். சூளகிரியில் காபி குடித்துவிட்டு உடனே வண்டியை எடுத்தால், அது வேலை செய்யத் தொடங்கும்போது நீங்கள் கிருஷ்ணகிரியை நெருங்கியிருப்பீர்கள். நடுவில் உள்ள தூரம் காபி இல்லாமல் ஓட்டியதுதான். இரண்டாவது, உடலில் சேர்ந்த கேபீனில் பாதி வெளியேற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். தூங்கப் போவதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன்னால் 400 மில்லிகிராம் கேபீன் எடுத்துக்கொண்டவர்களுக்குத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததை 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. நாள் முழுவதும் சேர்த்து ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம் வரை பிரச்சினை இல்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015-ல் சொன்ன கணக்கு. கர்ப்பிணிகளுக்கு இதில் பாதி.

இங்கிலாந்தின் லப்பரோ பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ரெய்னர், ஜிம் ஹார்ன் இருவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு நம் கட்டுரையின் மூன்று விஷயங்களையும் ஒரே அறையில் சேர்த்துவிடுகிறது. தூக்கம் குறைந்த 12 பேரைக் கார் சிமுலேட்டரில் உட்கார வைத்தார்கள். பிற்பகலில் இரண்டு மணி நேரம் சலிப்பூட்டும் ஓட்டம். கார் கோட்டை விட்டு விலகும் தடவைகளைக் கம்ப்யூட்டர் எண்ணியது. ஓட்டத்துக்கு முன்னால் அரை மணி நேர இடைவேளை. அதில் கேபீன் மட்டும் எடுத்த நாளில் தவறுகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. கேபீன் எடுத்துவிட்டு உடனே கால் மணி நேரத்துக்கு உள்ளாக ஒரு குட்டித் தூக்கமும் போட்ட நாளில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டன.

காரணம் எளிது. தூங்கும்போது அடினோசின் கொஞ்சம் குறைகிறது. எழும் நேரத்துக்குக் கேபீன் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆகவே காபியைக் குடித்துவிட்டு வண்டியை எடுக்காதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, மொபைலில் பதினைந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடுங்கள். ஆழ்ந்த தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை. எழுந்து முகம் கழுவிக் கிளம்புங்கள். இதுவும் அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கான ஏற்பாடுதான். கடனை அடைக்க வீட்டுக்குப் போய்ப் படுத்தே ஆக வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

கேம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளோடு நீங்களும் உட்கார்ந்து ஆடுங்கள். தொடங்குவதற்கு சூப்பர் டக்ஸ் கார்ட் நல்லது. முழுக்க இலவசம். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். வன்முறையும் கிடையாது.

ஸ்கேல் டெஸ்ட் ஒர்க் ஷீட்டைச் சேவ் செய்து வையுங்கள். காலையில் ஒன்று, நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒன்று, காபி குடித்து அரை மணி நேரம் கழித்து ஒன்று என்று தனித்தனிக் காலத்தில் எழுதுங்கள். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். பத்தில் மிக மோசமான எண் எது என்று பாருங்கள். சாலையில் கணக்கில் வருவது அந்த எண்தான். எண் நன்றாக வந்துவிட்டது என்பதற்காகத் தூக்கக் கலக்கத்தில் வண்டியை எடுத்துவிடாதீர்கள். அதற்கான சர்டிபிகேட் இது இல்லை.

எனர்ஜி டிரிங்க் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நடுராத்திரி வரை ஆடும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே நிறுத்துங்கள். இந்திய விதிகளின்படி இந்தப் பானங்களில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை கேபீன் இருக்கலாம். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். மைக்ரோசாப்ட் பேமிலி சேப்டி வசதியில் பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட் உருவாக்கி, இரவு எத்தனை மணிக்குக் கம்ப்யூட்டர் மூட வேண்டும் என்று செட் செய்துவிடலாம். பெரியவர்களுக்கும் அதே மணியை வைத்துக்கொண்டால் பிள்ளைகள் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

கேமில் கார் ஓட்டத் தெரிந்த பையன் வீட்டு வண்டியின் சாவியைக் கேட்பான். உரிய வயதும் லைசென்ஸும் வரும் வரை கொடுக்காதீர்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர்கள் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஓட்டிய சிறுவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

கேமில் மோதினால் என்டர் தட்டுங்கள். கார் புத்தம் புதிதாக வந்து நிற்கும். அத்திப்பள்ளி தாண்டியதும் அந்த என்டர் கீ வேலை செய்யாது. கண் இழுக்கிறது என்று தெரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். வீட்டில் காத்திருப்பவர்கள் பதினைந்து நிமிடம் கூடக் காத்திருப்பார்கள்.